கடலால் வாழ்ந்த வல்வை

தைப்பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் கால்வைக்க இடமிருக்காது. மூங்கிலைச் சீவி, நூலால் வரிந்து, நாட்கணக்கில் பாடுபட்டுக் கட்டிய பட்டங்களை இளைஞர்கள் தோளில் சுமந்து வருவார்கள். பெரிய பட்டமொன்றை ஏற்ற ஒருவர் போதாது. கயிறு பிடிக்கவே ஒரு கூட்டம் வேண்டும். வாடைக்காற்றில் அது எழும்பியதும், ஒலி எழுப்ப அதில் பூட்டிய 'விண்' கூவத் தொடங்கும்.

பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை போகும் கரையோர வீதியில் அமைந்த சிறு நகரம் இது. வல்வை என்பது இதன் சுருக்கப் பெயர். வீதிக்கு ஒருபக்கம் வள்ளங்களும் வலைகளும். மறுபக்கம் ஒழுங்கைகளும் நெருக்கமான வீடுகளும். முத்துமாரி அம்மன் கோயில் தீர்த்தத்தன்று, சித்திராப் பௌர்ணமி இரவில், இந்திர விழாவுக்காக ஊரே விளக்கொளியில் விழித்திருக்கும். வைத்தீஸ்வரர் கோயிலை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வெங்கடாசலம் ஒரு கப்பல் முதலாளி. கடலில் தேடியதை ஊருக்குக் கொடுத்தவர்கள் வல்வையார்.

இவர்களின் பாய்க்கப்பல்கள் தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் சரக்கேற்றிப் போய்வந்தன. இங்கே கட்டப்பட்ட 89 அடி நீள 'அன்னபூரணி'யை அமெரிக்க மாலுமி வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வாங்கினார். வல்வை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாக்கு நீரிணையை 1971இல் நீந்திக் கடந்து, 51 மணி நேரத்தில் திரும்பியும் வந்த குமார் ஆனந்தனும் இந்த ஊர்ப்பிள்ளைதான். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது.

போர் இந்த ஊரைச் சும்மா விடவில்லை. 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப் படையினர் நடத்திய தாக்குதலில் 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர், வீடுகள் எரிந்தன. பலர் கடல் கடந்து போனார்கள். போனவர்கள் ஊரை மறக்கவில்லை. கோயில் திருவிழாவானாலும் பள்ளிக்கூடத் தேவையானாலும் அவர்களின் உதவி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால், பணத்தால் மீட்க முடியாத ஒன்று கைநழுவிக்கொண்டிருக்கிறது. சமுத்திரம் கடக்கும் பாய்க்கப்பல் இன்று இங்கே கட்டப்படுவதில்லை. எந்த மரத்தை எங்கே பொருத்துவது, எந்தக் காற்றுக்கு எந்தப் பாயை விரிப்பது என்ற அறிவு கேட்டும் பார்த்தும் வந்தது. வீட்டு மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பதை இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். பழைய படங்களையும் கப்பல் கணக்குகளையும் குப்பையில் போடாதீர்கள். அடுத்த தலைமுறைக்கு வல்வை விட்டுச்செல்லக்கூடிய பெரிய முதுசம் இந்த அறிவுதான்.