நாவல் சாறு

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் கிளியனூர்ப் பக்கம் இருக்கும் நேயர்களே, ஆனியும் ஆடியும் நாவல் பழக் காலம். ஐரோப்பாவில் எல்டர்பெர்ரி என்ற சிறு கரும்பழத்தில் வீட்டிலேயே ஒயின் போடுவார்கள். அதைப் பச்சையாகத் தின்றால் வாந்தி வரலாம், வேகவைத்தே ஆகவேண்டும். நம் நாவலுக்கு அந்தப் பயமே இல்லை. இரண்டுக்கும் கருநீலம் தருவது ஆந்தோசயனின் என்ற ஒரே வகை நிறமி.

விழுந்த பழத்தை ஔவையைப் போல ஊதித் தின்னலாம். சாற்றுக்கு மட்டும் மண் ஒட்டாத, நன்றாகக் கனிந்த பழம் வேண்டும். ஒரு கிலோ பழத்தைக் கழுவி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ இளந்தீயில் வேகவையுங்கள். இரும்புச்சட்டி வேண்டவே வேண்டாம். பழத்தின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் சாறு மையாகக் கறுத்துவிடும். சதை குழைந்ததும் மசித்து, கொட்டை நீக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சாறு எத்தனை டம்ளரோ அத்தனை டம்ளர் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு கொதி. அவ்வளவுதான்.

ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு பானைத் தண்ணீர். பாட்டிலில் நுரை கண்டால் புளிக்கத் தொடங்கிவிட்டது, கொட்டிவிடுங்கள். உரிமம் இல்லாமல் அதை ஒயினாக்குவது, 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம்.