ஒரு படிகத்துக்காக 34 ஆண்டுகள்

மயில்துத்தத்தை வெந்நீரில் கரையுமட்டும் கரைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, நூலில் கட்டிய ஒரு சிறு துணுக்கை அதனுள் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல் சில நாட்கள் வைத்துப் பாருங்கள். (மயில்துத்தம் நஞ்சு, ஆசிரியர் முன்னிலையில் செய்க. வீட்டில் செய்வதானால் படிகாரம் போதும்.) துணுக்கைச் சுற்றி, யாரோ பட்டை தீட்டி வைத்தாற்போல் சாய்ந்த முகங்களோடு நீலப் படிகம் ஒன்று வளர்ந்திருக்கும். உளி படவில்லை; அச்சில் வார்க்கவில்லை. அப்படியானால் அந்த முகங்களும் கோணங்களும் எங்கிருந்து வந்தன?

இந்தக் கேள்வி பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பிடித்துக்கொண்டது. அவள் பெயர் டோரதி குரோஃபுட். 1910 மே 12-ல் கெய்ரோவில் பிறந்தவள். தந்தை எகிப்திலும் சூடானிலும் கல்வித் துறையில் பணியாற்றினார்; பின்னர் தொல்பொருள் ஆய்வில் இறங்கினார். தாய் பழங்காலத் துணி நெசவு பற்றி ஆராய்ந்தவர். பெண்கள் இங்கிலாந்தில் படித்தனர். அங்கே ஒரு சிறு பள்ளியில்தான் மயில்துத்தமும் படிகாரமும் அவளுக்கு அறிமுகமாயின. பிறகு சேர்ந்த பள்ளியில் வேதியியல் வகுப்பு ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே நடந்தது. அவளையும் இன்னொரு மாணவியையும் தனி அனுமதி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சூடானுக்குப் பெற்றோரைப் பார்க்கப் போனபோது, அங்கிருந்த வேதியியலார் ஒருவர் கனிமங்களைச் சோதிக்கும் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். பதினாறாம் பிறந்த நாளுக்குத் தாய் வாங்கித் தந்த புத்தகம், எக்ஸ்-கதிர்களைக் கொண்டு படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் காணலாம் என்று சொன்னது. எழுதியவர் அந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான வில்லியம் ஹென்றி பிராக். வழி தெரிந்துவிட்டது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர இலத்தீன் வேண்டும் என்றார்கள். அதையும் படித்தாள். 1928-ல் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்து, 1932-ல் முதல் வகுப்பில் தேறினாள்.

கேம்பிரிட்ஜும் ஒரு வலியும்

அடுத்து அவர் சென்றது கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னால் என்னும் ஆராய்ச்சியாளரிடம். 1934-ல் அங்கே, இரைப்பையில் சுரக்கும் பெப்சின் என்ற புரதத்தின் படிகத்தை, உலரவிடாமல் அது வளர்ந்த நீரோடு சேர்த்தே வைத்து, எக்ஸ்-கதிரால் படம் எடுத்தார்கள். புரதப் படிகம் ஒன்று நூற்றுக்கணக்கான தெளிவான புள்ளிகளைத் தரும் என்று உலகம் அறிந்தது அன்றுதான். புள்ளிகள் ஒழுங்காக விழுகின்றன என்றால் உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன என்று பொருள். புரதம் வடிவமற்ற பிசின் என்று எண்ணியவர்கள் பலர் இருந்த காலம் அது.

முதல் படம் பெர்னாலுக்குக் கிடைத்த நாளில் டோரதி ஆய்வுக்கூடத்தில் இல்லை. கை விரல்களில் வலி ஏற்பட்டு, லண்டனில் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தார். முடக்குவாதம் என்று தெரிந்தது. வயது 24. விரல்கள் வீங்கி மெல்ல மெல்லக் கோணிப்போகும் நோய் அது. அவர் தேர்ந்தெடுத்திருந்த தொழிலோ, உப்புக்கல்லினும் சிறிய படிகங்களை ஊசி முனையால் எடுத்து நிறுத்தும் தொழில்!

அவ்வாண்டே ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். பல்கலைக்கழக அருங்காட்சியகக் கட்டடத்தில் ஓர் அறை கிடைத்தது. எக்ஸ்-கதிர்க் கருவி கீழே; நுண்ணோக்கியோ உயரத்தில் ஒரு மாடத்தில். ஒரு கையில் படிகத்தைப் பிடித்தபடி செங்குத்தான சிறு படிகளில் ஏறி இறங்கவேண்டும். முதல் குழந்தை பிறந்தபின் நோய் கடுமையாகி, கருவியின் பெரிய மின்விசையைத் தள்ளக்கூட விரல்களால் முடியாமற் போயிற்று. நீண்ட நெம்புகோல் ஒன்றைச் செய்து பொருத்தி வேலையைத் தொடர்ந்தார். 'வலியைப் பொருட்படுத்தாமல் உழைத்தார்' என்று எழுதிவிடுவது எளிது. எனக்கென்னவோ அந்த நெம்புகோல்தான் பெரிதாகப் படுகிறது. வலியைப் பொருட்படுத்தியதால்தானே அதைச் செய்தார்!

கையில் வந்த இன்சுலின்

இன்சுலின் நம் கணையத்தில் சுரக்கும் புரதம். இரத்தத்திலுள்ள சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் போய்ச்சேர அது வேண்டும். அது இல்லாமற்போனால் நீரிழிவு நோய். 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் விலங்கின் கணையத்திலிருந்து அதைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தினார்கள். அதற்கு முன் அந்த நோய் கண்ட சிறுவர்கள் உடல் வற்றி இறப்பதே வழக்கம். ஆனால், பிழைக்கவைக்கும் அந்தப் பொருள் எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியாது.

1934-ல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ராபர்ட் ராபின்சன், சிறிதளவு இன்சுலின் படிகத்தூளை டோரதியிடம் கொடுத்தார். தூள் மிகப் பொடி. அதைக் கரைத்து, கரைசலை மிக மெதுவாக ஆறவிட்டுப் பெரிய படிகங்களாக வளர்த்தார். மயில்துத்தத்தில் பழகிய கை! 1935-ன் தொடக்கத்தில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். இரவில் படச்சுருளைக் கழுவியபோது புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. மகிழ்ச்சி தாங்காமல் நள்ளிரவில் ஊர்த் தெருக்களில் சுற்றித் திரிந்தார். போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, எங்கே போகிறாய் என்று விசாரிக்கும்படி ஆயிற்று. மறுநாள் காலை விழித்ததும், தாம் படமெடுத்தது உண்மையில் புரதந்தானா என்ற ஐயம் எழ, ஓடிப்போய்ச் சோதித்துப் பார்த்தார். புரதந்தான்.

அப்போது அவருக்கு 25 வயது நிரம்பவில்லை. அந்தப் புள்ளிகளின் பொருள் முழுவதும் விளங்கியபோது வயது 59.

ஏன் அவ்வளவு காலம்?

இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். குளத்தில் ஒரே நேரத்தில் பல கற்களை எறிகிறோம். ஒவ்வொன்றும் அலை எழுப்புகிறது. அலைகள் ஒன்றோடொன்று கலந்து கரைக்கு வருகின்றன. கரையில் நிற்பவர், எந்த இடத்தில் அலை எவ்வளவு உயரம் என்பதையும், முகடு எந்த நொடியில் வந்தது என்பதையும் குறித்துக்கொண்டால், கற்கள் விழுந்த இடங்களைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். எக்ஸ்-கதிர்ப் படத்தில் உயரம் மட்டுமே பதிவாகிறது: வலுவான அலைக்குக் கருமையான புள்ளி, மெலிந்த அலைக்கு மங்கிய புள்ளி. முகடு வந்த நேரம், அதாவது அலையின் 'கட்டம்', பதிவாவதில்லை. பாதிச் செய்தி தொலைந்துபோகிறது!

சில அணுக்களே உள்ள உப்புக்கு இந்தப் பாதியை ஊகித்து நிரப்பலாம். ஒரு இன்சுலின் மூலக்கூறில் ஏறக்குறைய 800 அணுக்கள். 1935-ல் அதற்கு வழியே இல்லை. சுவர் உயரமானது என்பதன்று சிக்கல். ஏணி என்ற பொருளே இன்னும் செய்யப்படவில்லை.

இந்த நிலையில் அவசரப்பட்டவர்களும் உண்டு. கணிதத்தில் வல்லவரான டோரதி ரிஞ்ச், புரதங்கள் கூண்டு போன்ற வடிவுடையவை என்று ஒரு கொள்கை வகுத்து, நம் டோரதியின் இன்சுலின் அளவீடுகளே அதை மெய்ப்பிக்கின்றன என்று 1938 வாக்கில் அறிவித்தார். நோபெல் பரிசு பெற்ற லாங்மியூரும் அவரை ஆதரித்தார். அழகான கொள்கை, ஆனால் தவறு. அளவீடுகளின் சொந்தக்காரரோ, தம் புள்ளிகள் அவ்வளவு தூரம் சொல்லவில்லை என்ற நிலையிலேயே நின்றார்.

இடையில் செய்தவை

அப்படியானால் 34 ஆண்டுகளும் இன்சுலின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரா? இல்லை. விடாமுயற்சி என்றதும் ஒரே கதவை ஓயாமல் தட்டும் மனிதரை நினைத்துக்கொள்கிறோம். டோரதி இன்சுலினை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, அன்றைய கருவிகளால் முடியக்கூடிய, ஆனால் பிறர் முடியாதென்று நினைத்த மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது வந்தது பெனிசிலின். காயமுற்ற வீரர்களைக் காக்கும் மருந்து. அமைப்புத் தெரிந்தால் தொழிற்சாலையில் செய்ய முயலலாம். நான்கு அணுக்கள் கொண்ட இறுக்கமான வளையம் ஒன்று அதில் இருக்கிறதா, இல்லையா என்பதில் வேதியியலார் இரு கட்சியாயினர். இன்சுலின் கொடுத்த அதே ராபின்சன், இல்லை என்ற கட்சி. வளையம் உண்மையானால் வேதியியலை விட்டுக் காளான் வளர்க்கப் போகிறேன் என்று ஜான் கார்ன்ஃபோர்த் சொன்னாராம். 1945-ல் டோரதியும் அவர் மாணவி பார்பரா லோவும் வளையம் இருக்கிறது என்று காட்டினார்கள். (கார்ன்ஃபோர்த் காளான் வளர்க்கவில்லை; 1975-ல் வேதியியலுக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.)

கணக்கு வேலைதான் பெரும் சுமை. சைன், கொசைன் மதிப்புகள் அச்சடித்த நீண்ட அட்டைத் துண்டுகள் மரப்பெட்டிகளில் வரிசையாக இருக்கும். வேண்டியவற்றை உருவி, அடுக்கி, கூட்டி, திரும்ப அதே இடத்தில் செருகவேண்டும். ஆயிரக்கணக்கான முறை. பெனிசிலின் ஆய்வின்போது துளையிட்ட அட்டைகளால் இயங்கும் பொறி சிறிது கைகொடுத்தது.

1948-ல் வைட்டமின் பி12. ஒருவகைக் கொடிய இரத்தசோகையைத் தீர்க்கும் சிவப்புப் படிகம், 181 அணுக்கள். நடுவில் ஒரு கோபால்ட் அணு இருந்தது ஓரளவு அடையாளக்கல்லாக உதவிற்று. அமெரிக்காவில் கென்னத் ட்ரூபிளட் என்பவர், கணிப்பொறி ஒன்றில் கணக்கிட்டுத் தர முன்வந்தார். ஆக்ஸ்போர்டுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே தபாலிலும் தந்தியிலும் எண்கள் பறந்தன. 1956-க்குள் முழு அமைப்பும் வெளிவந்தது.

எடுத்ததெல்லாம் முடிந்தது என்று எண்ணவேண்டாம். கிராமிசிடின்-எஸ் என்ற பொருளில் தொடங்கிய ஆய்வு அப்போது முடிவை எட்டவில்லை. அதில் அவரிடம் வேலை செய்த மாணவி வேறு துறைக்குப் போய்விட்டார். மார்கரெட் தாட்சர் என்ற பெயரில் 1979-ல் பிரிட்டனின் பிரதமரானார்.

ஏணி வந்தது

இதற்கிடையே பிறர் பிற துண்டுகளைச் செய்துகொண்டிருந்தார்கள். இன்சுலினின் இரு சங்கிலிகளில் 51 அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோத்திருக்கின்றன என்பதை 1955-க்குள் ஃபிரடெரிக் சேங்கர் கண்டுபிடித்து முடித்தார். 1937 முதல் ஹீமோகுளோபினோடு மல்லாடிய மாக்ஸ் பெரூட்ஸ், தொலைந்த 'கட்ட'த்தை மீட்கும் வழியை 1953-ல் கண்டார். புரதப் படிகத்தில் பாதரசம் போன்ற கன அணு ஒன்றைப் புகுத்தி மறுபடி படமெடுத்தால் புள்ளிகளின் கருமை மாறும். இரு படங்களின் வேறுபாட்டிலிருந்து கட்டங்களைக் கணக்கிடலாம். கன அணு சேர்வதால் படிகத்தின் அடுக்கு மட்டும் குலையக்கூடாது.

இன்சுலின் இங்கும் முரண்டு பிடித்தது. அதன் படிகத்தில் ஆறு மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அணுக்களைச் சுற்றிக் கூடியிருக்கின்றன. கன அணுக்கள் ஒழுங்காகப் போய் உட்காரவில்லை. அதைவிடப் பெரிய ஹீமோகுளோபினும் மையோகுளோபினும் 1960-க்குள் விடுவிக்கப்பட்டன. முதலில் புறப்பட்ட இன்சுலின் பின்தங்கி நின்றது.

1964-ல் வேதியியல் நோபெல் பரிசு டோரதி ஹாட்ஜ்கின் ஒருவருக்கே வழங்கப்பட்டது. (1937-ல் தாமஸ் ஹாட்ஜ்கினை மணந்திருந்தார்.) அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண், முன்னவர்கள் மேரி கியூரியும் அவர் மகள் ஐரீனும். கணவர் பணியாற்றிய கானா நாட்டில் இருந்தபோது செய்தி வந்தது. பரிசு பெனிசிலினுக்கும் பி12-க்கும் ஆனது. இன்சுலின் இன்னும் மேசை ஓரத்திலேயே இருந்தது! அதற்குமேல் யாருக்கும் எதையும் நிரூபிக்கவேண்டிய தேவை அவருக்கில்லை. ஆனாலும் திரும்பிவந்து அதையே கையிலெடுத்தார்.

இம்முறை தனியாக அல்ல. கை டாட்சன், எலினர் டாட்சன், டாம் பிளண்டெல் முதலிய இளைஞர்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் எம். விஜயன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு முடித்துச் சென்றவர், பின்னாளில் அங்கேயே திரும்பிவந்து நம் நாட்டில் புரதப் படிக ஆய்வை வளர்த்தவர். கன அணுக்கள் சரியாக அமர்ந்த படிகங்கள் ஒருவழியாகக் கிடைத்தன. கணிப்பொறிகள் அட்டைத் துண்டுகளின் வேலையை ஏற்றுக்கொண்டன. நிலப்படத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகள் போல, எலெக்ட்ரான்கள் செறிந்த இடங்களைக் காட்டும் வரைபடம் தாள்தாளாக உருவாயிற்று. 1969-ல் இன்சுலினின் வடிவம் உலகுக்குத் தெரிந்தது. ஆய்வுக் கட்டுரையில் பத்துப் பெயர்கள் இருந்தன.

அதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? மூலக்கூறுகள் எந்த முனையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது அதில் தெரிந்தது. ஊசியால் செலுத்தும் இன்சுலின் தோலுக்கடியில் ஆறாறாக ஒட்டிக் கிடந்து, பிரிந்தபிறகே வேலை செய்கிறது; அதனால் சற்றுத் தாமதம். ஒட்டும் முனையில் இரு அமினோ அமிலங்களை இடம் மாற்றி, விரைவில் பிரியும் இன்சுலினைச் செய்தார்கள். 1996-ல் அது மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. உணவு வேளைக்குச் சற்று முன் அதைப் போட்டுக்கொள்கிறவர்கள் இன்று பலர்.

1969-ல் கண்ட வடிவம் சற்று மங்கலானது. டோரதியின் குழு மேலும் கூர்மையாக்கிக்கொண்டே போயிற்று. மிகத் துல்லியமான விவரங்களோடு நீண்ட கட்டுரை 1988-ல் வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது 78. சீனத்திலும் ஒரு குழு தனியே உழைத்து 1971-ல் இன்சுலின் அமைப்பைக் கண்டிருந்தது. அவர் அங்கே சென்று இரு வரைபடங்களையும் ஒப்பிட்டு, அவர்கள் பணியின் சிறப்பை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். 1993-ல் உலகப் படிகவியலார் மாநாடு பீகிங்கில் கூடியபோது, நடக்க இயலாத நிலையிலும் சக்கர நாற்காலியில் போய்ச் சேர்ந்தார். மறுஆண்டு ஜூலையில் காலமானார்.