இருமாதவரிடமிருந்தும் தொற்றும்

2020 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. வூஹானிலிருந்து சிங்கப்பூர் வந்திருந்த ஒரு தம்பதி அங்கே ஒரு தேவாலயத்துக்குப் போனார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். அன்று அவர்களுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. ஒருவருக்கு 22ஆம் தேதியும் மற்றவருக்கு 24ஆம் தேதியும்தான் உடம்புக்கு முடியாமல் போனது. ஆனால், அதே ஞாயிறன்று அந்தத் தேவாலயத்துக்கு வந்த வேறு மூன்று பேருக்கும் அடுத்தடுத்து கொரோனா உறுதியானது. அந்த மூவரில் ஒரு பெண்மணி, அன்றைய தினம் பிற்பாடு வந்து, தம்பதி உட்கார்ந்து எழுந்துபோன அதே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். கண்காணிப்புக் கேமரா பதிவில் அது தெரிந்தது. அன்று அங்கே வந்தவர்களை விசாரித்ததில், அறிகுறியோடு வந்தவர் என்று ஒருவரும் அகப்படவில்லை.

இது எப்படி நடக்கிறது? வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களுக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் பெருகுகிறது. காய்ச்சல், உடம்புவலி, சோர்வு எல்லாம் பெரும்பாலும் அதை எதிர்த்து நம் உடல் போராடுவதன் விளைவுகள். அந்தப் போராட்டம் சூடுபிடிப்பதற்குள் வைரஸ் வெளியே கிளம்பியிருக்கும். 2020இல் பரவிய கொரோனாவில், அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் வேகம் உச்சத்தை நெருங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டின. வைரஸ் வெளியேற இருமலோ தும்மலோ வேண்டியதில்லை. பேசினாலே போதும். பாடினாலும் சத்தம் போட்டாலும் இன்னும் அதிகமாக வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும்.

இங்கே இரண்டு வகையினரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கு நன்றாக இருந்து நாளை படுக்கையில் விழப்போகிறவர் ஒரு வகை. கடைசிவரை எதுவுமே தெரியாமல் தொற்று வந்துபோய்விடுபவர் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் மொத்தத்தில் குறைவாகவே பரப்புகிறார்கள் என்பதுதான் பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு. அதற்காக அவர்களை ஒதுக்கிவிட முடியாது. இத்தாலியில் வோ என்றொரு சிற்றூர்; மக்கள்தொகை சுமார் 3,300. 2020 பிப்ரவரி 21 அன்று அங்கே ஒருவர் கொரோனாவில் இறந்ததும் ஊரையே அடைத்து, ஏறக்குறைய எல்லோருக்கும் சோதனை செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்தார்கள். தொற்று உறுதியானவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு எந்த அறிகுறியுமே இல்லை. அவர்களுடைய மூக்கிலிருந்த வைரஸின் அளவு, காய்ச்சலில் கிடந்தவர்களின் அளவைவிடக் குறைவாகவும் இல்லை. அறிகுறி இருக்கிறதா என்று பாராமல் தொற்று உள்ள எல்லோரையும் தனிமைப்படுத்தியதும் அந்த ஊரில் பரவல் அடங்கியது.

கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய தெர்மல் ஸ்கேனர் நினைவிருக்கும். அது காட்டியது உடம்புச் சூட்டை மட்டும். 2003இல் சார்ஸ் பரவியபோது காய்ச்சல் வந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தியது பலன் தந்தது. ஏனென்றால், சார்ஸ் நோயாளி படுத்து ஒரு வாரம் ஆன பிறகுதான் அதிகமாகப் பரப்பினார். கொரோனாவில் அந்த வழி பாதிக்குமேல் ஓட்டையாகிப் போனது. ஃப்ளூ காய்ச்சலும் அறிகுறிக்கு ஒரு நாள் முன்பே தொற்றக்கூடியதுதான்.

அறிகுறி இல்லாதவரும் தெரியாமலே பரப்பக்கூடும் என்பதால், 'யார் கொண்டுவந்தது?' என்று தேடுவது வீண் வேலை, கொடுமையும்கூட. சென்னையில் 2020இல் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். தெருவே அந்த வீட்டைக் குற்றவாளி வீடாகப் பார்த்தது. தன் வீட்டுக்கும் தகரம் வரும் என்று பயந்தவர் சோதனைக்கே போகமாட்டார். போகாதவரிடமிருந்து இன்னும் பத்துப் பேருக்குப் பரவும். நோயாளி வீட்டில் சுவரொட்டி ஒட்டுவது தேவையில்லை, உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் குறிப்பாக உத்தரவிட்டால் மட்டுமே ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. நோயாளியின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட அக்கம்பக்கத்தாருக்கு எந்த உரிமையும் இல்லை.

தேட வேண்டியது ஆளை அல்ல, அடைபட்ட காற்றை. ஏசி போட்டு ஜன்னல் சாத்திய டியூஷன் அறை, கல்யாண மண்டபம், அலுவலகக் கூட்ட அறை ஆகியவற்றில்தான் ஆபத்து அதிகம். எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்துவைப்பதற்குச் செலவே இல்லை. தொற்று பரவும் காலத்தில் மருத்துவமனைக்குப் போகும்போதும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரையோ வயதானவரையோ பார்க்கப் போகும்போதும், 'எனக்கு ஒன்றுமில்லையே' என்று நினைக்காமல் மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால், நன்றாக இருக்கும் மற்றவர்களும் சில நாள் விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பது நல்லது. வீட்டில் செய்யும் ஆன்டிஜன் சோதனையில் 'நெகட்டிவ்' வந்தவுடன் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். தொடக்க நாட்களில் அது தவறவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடி செய்ய வேண்டும். தடுப்பூசி நோய் முற்றுவதையும் உயிரிழப்பையும் பெரிதும் குறைக்கும். பரவலை அது முழுதாக நிறுத்திவிடாது.

லீவு போட்டால் கூலி போய்விடும் என்பவருக்கு இந்த அறிவுரைகளால் பயனில்லை. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் பதிவான தொழிலாளி நோயுற்றால், உரிய சந்தா கட்டியிருந்து மருத்துவச் சான்றும் இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் பெறலாம். பதிவு இல்லாதவர்களுக்கு முதலாளிதான் மனது வைக்க வேண்டும். ஒரு தொழிலாளியை இரண்டு நாள் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்வது, பட்டறையே படுத்துவிடுவதைவிட மலிவு. சந்தேகம் இருந்தால் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.