முப்பது வயதுக் கணினிக்கு மறுவாழ்வு

1995-இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’ படத்தைப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. முழுக்க முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளத் திரைப்படம் அது. அதன் காட்சிகளை இறுதி வடிவத்துக்குக் கொண்டுவர, பிக்சார் நிறுவனம் 117 கணினிகளை இரவு பகலாக ஓடவிட்டது. அத்தனையும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தயாரித்த ‘ஸ்பார்க்ஸ்டேஷன் 20’.

பீட்சா பெட்டிபோல் தட்டையான இந்த யூனிக்ஸ் கணினி 1994-இல் சந்தைக்கு வந்தது. இன்று அதைப் பெரும்பாலும் பழம்பொருள் சேகரிப்பவர்களிடம்தான் காண முடியும். ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால், வேகத்தைக் கூட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு.

பேட்டரிதான் முதலில்

கணினியின் எத்தர்நெட் முகவரியைத் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லு நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு உயிர் கொடுக்கும் பேட்டரியும் அந்தச் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. பத்தாண்டு, அதற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அது தீர்ந்துவிடும். அதன் பிறகு கணினிக்குத் தேதியும் தெரியாது, தன் முகவரியும் தெரியாது. ‘கெட்டுப்போய்விட்டது’ என்று பலர் ஒதுக்குவது இந்தக் கட்டத்தில்தான்.

உண்மையில் சில்லை மாற்றி, முகவரியை மறுபடி பதிந்தால் போதும். கணினியை முடுக்கும்போது 08:00:20 என்று தொடங்கும் முகவரி திரையில் தெரியும். அது தெரியும்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கூட்டலாம்?

* நினைவகம்: எட்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் 64 எம்பி பொருத்தினால் மொத்தம் 512 எம்பி. இதற்கென்றே உள்ள தனி வகை வேண்டும்; சாதாரணக் கணினியின் நினைவகம் சேராது.

* செயலி: இரண்டு இடங்கள். ஒரே அட்டையில் இரண்டு செயலிகள் உள்ள வகையைப் போட்டால் மொத்தம் நான்கு. ஆனால் தட்டையான பெட்டிக்குள் சூடு ஏறும். மின்விசிறிகள் ஒழுங்காகச் சுற்றுகின்றனவா என்று பார்த்த பிறகே இதில் இறங்குங்கள்.

* வன்தட்டு: 80 முனை கொண்ட ஸ்கஸி வகை, இரண்டு. பழைய தட்டுகள் தேய்ந்துபோயிருக்கும். எஸ்டி அட்டையையே ஸ்கஸி தட்டாகக் காட்டும் சிறு பலகைகள் இப்போது கிடைக்கின்றன. சத்தமும் குறையும், சூடும் குறையும்.

* இயங்குதளம்: சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 9-தான் இதற்குக் கடைசி. அதற்குப் பின் வந்த சொலாரிஸ் 10 இதில் ஓடாது. இலவசமான நெட்பிஎஸ்டி கைகொடுக்கும்.

பெட்டியைத் திறக்கும் முன் மின்கம்பியைக் கழற்ற மறவாதீர்கள்.

இத்தனை செய்தாலும் வங்கிக் கணக்கு பார்க்கவோ காணொளி பார்க்கவோ இது உதவாது. ஆனால் நம் பிள்ளைகளின் கைபேசிகளோ பசையால் ஒட்டி மூடப்பட்டவை; உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்த்ததே இல்லை. இந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து, ‘இதுதான் செயலி, இதுதான் நினைவகம்’ என்று தொட்டுக் காட்டலாம். செத்துப்போனதாக நினைத்த இயந்திரம் ஒரு சிறு சில்லால் எழுந்து வருவதை ஒரு பிள்ளை நேரில் பார்த்தால், அடுத்து ஒரு பொருள் பழுதாகும்போது குப்பைத் தொட்டியைத் தேடுமா, திருப்புளியைத் தேடுமா?