மூன்று அடி நடந்தால் புறப்பட்ட இடம்

ஒரு ரூபிக்ஸ் கியூபை எடுத்து, அதன் ஒரு மூலை உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும்படி கையை நீட்டிப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூன்று முகங்கள் தெரியும், மூன்றும் ஒரே அளவில். இப்போது வெளி விளிம்பை மட்டும் கவனியுங்கள். அது ஓர் அறுகோணம்! முழுக்க முழுக்கச் சதுரங்களால் ஆன பொருளுக்கு அறுகோணம் எங்கிருந்து வந்தது?

வரைந்து பார்த்தால் விளங்கும். தாளின் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து நேர் கீழே ஒரு கோடு. வலப்பக்கம் மேல்நோக்கிச் சாய்வாக ஒன்று, இடப்பக்கம் அதேபோல் இன்னொன்று. சாய்ந்த கோடுகள் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை உயர வேண்டும். மூன்றும் ஒரே நீளம். பாகைமானியால் அளந்தால், எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் 120 பாகை இருக்கும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளைப் பக்கங்களாக வைத்து ஒவ்வொரு சாய்சதுரமாக முடியுங்கள். மூன்றாவது முடிந்ததும் கனசதுரம் எழுந்து நிற்கும்.

இதுதான் ஐசோமெட்ரிக் ஓவியம். கணினியில் வரையப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் இதற்கென்றே சாய்ந்த கட்டங்கள் உண்டு. கோட்டைக் கட்டத்தோடு ஒட்டவைத்தால் போதும், கை நடுங்கினாலும் கோடு நடுங்காது.

நம் கண்ணும் கேமராவும் தொலைவில் உள்ளதைச் சிறிதாகக் காட்டுகின்றன. இணையாக ஓடும் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரிவது அதனால்தான். ஐசோமெட்ரிக் ஓவியத்தில் அது நடக்காது. பக்கத்து வீடும் கடைசி வீடும் ஒரே அளவு. இணைகோடுகள் கடைசிவரை இணைகோடுகளே. பழக்கதோஷத்தில் தூரத்துக் கோடுகளை நெருக்கி வரையத்தான் கை போகும். அதை மட்டும் தடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மூலைவழியே பார்க்கும்போது 100 மில்லிமீட்டர் விளிம்பு உண்மையில் சுமார் 82 மில்லிமீட்டராகக் குறுகித் தெரிகிறது. ஆனால் மூன்று திசைகளிலும் ஒரே விகிதத்தில் குறுகுவதால், ஓவியர்கள் முழு நீளத்தையே போட்டுவிடுகிறார்கள். படத்தின் மீது ஸ்கேலை வைத்து மூன்று திசைகளிலும் அளக்கலாம்!

இந்த வசதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஃபேரிஷ் என்ற பேராசிரியருக்குத் தேவைப்பட்டது. அவர் இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒவ்வொரு வகுப்புக்கும் சக்கரம், அச்சு, சட்டம் எல்லாம் கோத்து ஒரு மாதிரி இயந்திரம் செய்வார். வகுப்பு முடிந்ததும் அதைக் கழற்றி, அதே உறுப்புகளால் வேறொன்று செய்யவேண்டும். உதவியாளர்கள் பார்த்துக் கோக்க அளவு மாறாத படம் வேண்டுமே! அப்படி வரையும் முறையை 1822-இல் விதிகளோடு எழுதி வெளியிட்டார்.

1980-களில் கணினி விளையாட்டு செய்தவர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். 1984-இல் வந்த 'நைட் லோர்' விளையாட்டு ஓடிய கணினியின் நினைவகம் வெறும் 48 கிலோபைட். ஒரு பெட்டி தொலைவில் போகப்போகச் சிறிதாக வேண்டுமென்றால், ஒவ்வொரு அளவுக்கும் தனிப் படம் வேண்டும். ஐசோமெட்ரிக்கில் ஒரே பெட்டிப் படத்தை அறை முழுவதும் அடுக்கலாம். பிக்சல் ஓவியத்தில் மட்டும் 30 பாகைக்குப் பதிலாக, இரண்டு பிக்சல் பக்கவாட்டில், ஒரு பிக்சல் மேலே என்று படி வைப்பார்கள். அது சுமார் 26.6 பாகை. சரியான 30 பாகைக் கோட்டைப் பிக்சலில் போட்டால் படிகள் ஒழுங்கில்லாமல் பல்லிளிக்கும்.

இத்தனை வசதிக்கும் ஒரு விலை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். ஒரு கனசதுரத்தை இடப்பக்கம் கீழ்ச்சாய்வாக ஓர் அடி நகர்த்துங்கள். அடுத்து வலப்பக்கம் கீழ்ச்சாய்வாக ஓர் அடி. பிறகு நேர் மேலே ஓர் அடி. தாளில் அது புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது! நிஜ உலகில் அப்படியல்ல. முதல் இரண்டு அடியும் தரையில் உங்களை நோக்கி வந்தவை, மூன்றாவது அடி உயரே போனது. பெட்டி இருப்பது வேறு இடத்தில். 'அருகில் உயரமாக' இருப்பதும் 'தொலைவில் தாழ்வாக' இருப்பதும் இந்தத் தாளில் ஒரே புள்ளியில் விழுகின்றன. தூரத்தைச் சிறிதாக்கிக் காட்டாத படத்துக்குத் தூரத்தைச் சொல்ல வாய் இல்லை.

நீங்கள் வரைந்த கனசதுரத்தையே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பெட்டி மறைந்து, இரண்டு சுவரும் ஒரு தரையும் சேரும் அறையின் மூலை தெரியக்கூடும். உங்கள் அறையை வரைய இந்த மூன்று சாய்சதுரங்களே போதும். மேசை, அலமாரி, கட்டில் என்று பெட்டிகளாக உள்ளே வைத்துக்கொண்டே போகலாம்.

கண் குழம்பாமலிருக்க ஓவியருக்கு இரண்டு உதவிகள் உண்டு. ஒன்று நிழல். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முடிவுசெய்து, மேல்முகத்துக்கு வெளிர்நிறம், ஒரு பக்கத்துக்கு நடுத்தரம், மறுபக்கத்துக்கு அடர்நிறம் என்று படம் முழுக்க ஒரே ஒழுங்கைக் காப்பது. மற்றது மறைத்தல். பின்னால் இருப்பதை முதலில் வரைந்து, முன்னால் இருப்பதை அதன்மேல் வரைவது. கணினியில் பின்பொருள் கீழ் லேயரில், முன்பொருள் மேல் லேயரில்.

இதே குழப்பத்தை வேண்டுமென்றே கலையாக்கியவர் ஸ்வீடனின் ஆஸ்கர் ராய்ட்டர்ஸ்வார்ட். 1934-இல், மாணவராக இருந்தபோதே, ஒன்பது கனசதுரங்களை முக்கோணமாக அடுக்கி, நிஜத்தில் இருக்கவே முடியாத ஓர் உருவத்தை வரைந்தார். 1958-இல் லயனல் பென்ரோஸும் அவருடைய மகன் ரோஜரும் தாமாகவே இதுபோன்ற முக்கோணத்தைக் கண்டு வெளியிட்டார்கள். அந்த ரோஜர் பென்ரோஸ்தான் 2020-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்.

நீங்களும் வரையலாம். விளிம்பு 2 கட்டம் உள்ள கனசதுரம் ஒன்றை நிழலோடு வரைந்து நகலெடுங்கள். 3 கட்ட இடைவெளியில் இடக்கீழ்ச்சாய்வாக மூன்று முறை, வலக்கீழ்ச்சாய்வாக மூன்று முறை, நேர் மேலே மூன்று முறை நகர்த்தி வையுங்கள். ஒவ்வொரு புதிய பெட்டியும் முந்தியதன் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கும். ஒன்பதாவது நகர்வில் முதல் பெட்டியின் இடத்துக்கே வந்து சேருவீர்கள். அந்த முதல் பெட்டி எட்டாவது நகர்வின் பெட்டியை மறைக்கவேண்டும், ஆனால் அது எல்லாவற்றுக்கும் கீழ் லேயரில் கிடக்கிறது. மேலே ஏற்றினால் இரண்டாவது பெட்டியையும் மறைத்துவிடும். எந்த வரிசையில் லேயர்களை அடுக்கினாலும் ஓர் இடம் தவறும். அங்கே மட்டும் அழிப்பானை எடுத்து, மறைக்கக்கூடாத துண்டை அழித்துவிடுங்கள். முக்கோணம் மூடிக்கொள்ளும்.