‘குக்கீஸ்’ என்ற பெயரில் கஞ்சா!

அமெரிக்காவில் பிள்ளைகள் படிக்கிற வீடுகளிலிருந்து இப்போதெல்லாம் இப்படி ஒரு கேள்வி வருகிறது: “டாக்டர், பையன் ஏதோ ‘ஹைப்ரிட்’ என்கிறான். மூலிகைதானாம். உடம்பு நல்லா ‘ரிலாக்ஸ்’ ஆகுமாம். கடையிலேயே விற்கிறார்களாம். நீங்களும் மூலிகை வைத்தியர்தானே... அதை எடுத்துக்கொள்ளலாமா?”

வேண்டாம். இதுதான் என் பதில். ஆனால், வெறுமனே ‘வேண்டாம்’ என்றால் இருபது வயதுப் பிள்ளை கேட்குமா? அது என்ன சரக்கு என்று தெரிந்துகொண்டு பேசிப் பாருங்கள். காது கொடுத்துக் கேட்கும்.

‘ஜி.எஸ்.சி.’ என்ற ரகத்தையே எடுத்துக்கொள்வோம். ‘கேர்ள் ஸ்கவுட் குக்கீஸ்’ என்று பிஸ்கெட் பெயரில் பிரபலமானது. பிறந்த இடம் கலிஃபோர்னியாவின் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரம். ‘ஓ.ஜி. குஷ்’, ‘டர்பன் பாய்சன்’ என்ற இரண்டு ரகங்களின் கலப்பு என்கிறார்கள். குஷ் என்பது இந்துகுஷ் மலையின் பெயர். டர்பன், தென்னாப்பிரிக்கத் துறைமுக நகரம். இப்படி வேறு வேறு மண்ணின் செடிகளைக் கலந்தால் அது ‘ஹைப்ரிட்’. நல்ல செடி ஒன்று அமைந்துவிட்டால் கிளையை வெட்டி நட்டுத்தான் பெருக்குவார்கள். மல்கோவா கொட்டையைப் புதைத்தால் அதே மல்கோவா வருமா? ஒட்டுக் கட்டினால்தானே வரும்! அதே கதைதான்.

கடைக்கு வரும்போது இந்தக் குலம் கோத்திரம் எல்லாம் குழம்பிவிடுகிறது. வெவ்வேறு கடைகளில் ஒரே பெயரில் விற்ற கஞ்சாவை மரபணுச் சோதனை செய்து 2019-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. பெயர் ஒன்று, மரபணு வேறு என்ற கூத்து பல ரகங்களில் இருந்தது. ‘இண்டிகா என்றால் தூக்கம், சட்டைவா என்றால் சுறுசுறுப்பு’ என்று பையன் சொல்லுவான். 2021-ல் கனடா ஆய்வாளர்கள் பார்த்தபோது, இந்த முத்திரைகளுக்கும் செடியின் மொத்த மரபணுவுக்கும் சம்பந்தம் குறைவு. வாசனையைத் தயாரிக்கிற சில மரபணுக்களோடுதான் ஓரளவு ஒத்துப்போனது. அதாவது, முகர்ந்து பார்த்து வைத்த பெயர்!

அந்த வாசனைப் பொருள்களுக்குத்தான் ‘டெர்பீன்’ என்று பெயர். ஏதோ அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் உங்கள் சமையலறையில் இருப்பவைதான். ஜி.எஸ்.சி.யில் தூக்கலாக இருப்பது காரியோஃபிலின். மிளகு, கிராம்பு வாசனையில் அதற்குப் பங்குண்டு. அடுத்தது லிமோனீன், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் நிறைய. ‘உடம்பைத் தளர்த்தும்’ என்று விளம்பரப்படுத்துகிற மிர்சீன், மாம்பழத்திலும் உண்டு. காரியோஃபிலின் நம் உடம்பில் ‘சி.பி.2’ என்ற ஏற்பியில் போய் ஒட்டும் என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பி பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் இருப்பது. போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மிளகு ரசம் குடித்து யாருக்காவது போதை ஏறியிருக்கிறதா?

போதையைத் தருவது டி.எச்.சி. 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலமும் அவர் சகாவும் இதைப் பிரித்தெடுத்தார்கள். மூளை தானாகவே சுரக்கிற இதே மாதிரியான பொருளை 1992-ல் மெக்கூலம் குழுவினர் கண்டுபிடித்து ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம்ம ‘ஆனந்தம்’தான்! அந்த ஆனந்தம் சில நிமிஷங்களில் கரைந்துவிடும். டி.எச்.சி. அதே பூட்டில் புகுந்துகொண்டு மணிக்கணக்கில் நகராது. நாக்கு வறட்சி, கண் சிவப்பு, அகோரப் பசி, ஞாபகக் குழப்பம், நெஞ்சு படபடப்பு எல்லாம் அதனால்தான்.

லிமோனீனைச் சேர்த்துக் கொடுத்தால் டி.எச்.சி. கிளப்புகிற பயம், பதற்றம் குறைவதாக 2024-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுவாரஸ்யமான விஷயம்தான். ஆனால் போதை குறையவில்லை!

‘சித்தர்களே சொல்லியிருக்கிறார்களே’ என்பார்கள். நம் நூல்களில் கஞ்சா உண்டு, மறுக்கவில்லை. சேராங்கொட்டையும்தான் மூலிகை. சுத்தி செய்யாமல் தொட்டாலே கொப்பளித்துவிடும்! சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம், இன்ன நோய்க்கு இத்தனை நாள் என்ற கணக்கு... இத்தனையும் சேர்ந்தால்தான் எங்களுக்கு அது மருந்து. மாலை நேரத்து அலுப்புக்கு ஊதுவது எந்த வைத்தியம்?

முக்கியமாக வீரியம். அமெரிக்கப் போலீஸ் பிடித்த கஞ்சாவில் 1995-ல் சராசரி டி.எச்.சி. சுமார் 4 சதவீதம். 2014-ல் சுமார் 12. இப்போது கடைகளில் 20-க்கு மேல் என்று பெருமையாக அச்சடித்தே விற்கிறார்கள். 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள சரக்கைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கோளாறு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019-ல் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் இருந்தால் ஒரு தடவைகூட வேண்டாம். இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மிட்டாய் வடிவம் இன்னும் மோசம். வேலை செய்ய ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். ‘ஒண்ணும் ஆகலையே’ என்று இன்னொன்றைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதிகம். இல்லாத குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று பிள்ளை போனில் சொன்னால் திட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கும் நண்பரை உட்காரச் சொல்லி, டாக்டரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

‘சட்டப்படி’ என்பதும் பாதி உண்மைதான். பல மாநிலங்கள் அனுமதித்தாலும் அமெரிக்க மத்திய அரசின் சட்டம் முழுதாக விடவில்லை. விசாவிலும் குடியுரிமையிலும் இது குறுக்கே வரும். லீவுக்கு வரும்போது பெட்டியில் நாலு மிட்டாய் கிடந்தால் இங்கே 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. ஏர்போர்ட்டுக்குக் கிளம்புமுன் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.