கேட்டு வைப்போம் – 7: பாகு பார்க்கும் கை

கேரளத்து மறையூரில் ஒரு பெரியவரிடம் போய், "ஐயா, நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். "தொண்ணூத்தொம்பது வெள்ளத்தப் பத்தி உங்கப்பா என்ன சொல்லுவாரு?" என்று கேட்டுப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலையில் மூணாறைப் புரட்டிப் போட்ட வெள்ளம் அது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயில் அதோடு போனதுதான், திரும்ப வரவில்லை. அதற்கப்புறம் 1956. மாநிலங்கள் பிரிந்தபோது, மறையூர் இருக்கும் தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு நின்றது. வீட்டில் தமிழும் ஆபீஸில் மலையாளமுமாக வாழக் கற்றுக்கொண்டவர்கள்தான் இன்று திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலண்டர் உதவாது. வெள்ளமும் கல்யாணமும் மாடு வாங்கிய வருஷமும்தான் கணக்கு.

மதுரைப் பக்கமிருந்து வந்தோம் என்பது மறையூரைச் சுற்றியுள்ள அஞ்சுநாட்டு ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறினோம் என்பார்கள் இங்குள்ள பழங்குடியினரான முதுவர்கள். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஆங்கிலேயர் தர்ஸ்டன் எழுதி 1909இல் வந்த தொகுதிகளில் முதுவரைப் பற்றிய பக்கங்கள் உண்டு. ஒரு சமூகத்தின் வழக்கம் அதில் கிடைக்கும். உங்கள் பாட்டி யாரை எப்படித் திட்டுவாள் என்பது கிடைக்காது. அது துரையின் வேலையும் அல்ல. முதுவர் மொழியிலேயே கவிதை எழுதுகிற அசோகன் மறையூர் இருக்கிறார். வீட்டுப் பேச்சு அப்படியே ஏடேறலாம் என்பதற்கு அவரே சாட்சி.

வீட்டுக் கதையைப் பதிவுசெய்யத் தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். கூட்டத்தில் பேசுவது போலப் பேசுவார். கரும்பாலைக் கொட்டகைக்குக் கூட்டிப் போங்கள். அடுப்பில் சக்கை எரியும், கொப்பரையில் பாகு கொதிக்கும். கேட்காமலே துளி பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். "இன்னும் ஆகலடா" என்பார். இப்போது பதம் பார்க்கிறவனுக்கு ஒரு வசவு விழும். தனக்குக் கற்றுக்கொடுத்த ஆள் பெயர் தானாக வாயில் வரும். மறையூர் சர்க்கரை எனப்படும் வெல்லத்தைக் கையால்தான் உருண்டை பிடிக்கிறார்கள், விரல் தடம் மேலேயே இருக்கும். 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊருக்குச் சொந்தம். எந்த விரல் யாரிடம் கற்றது என்பதை வீட்டார்தான் எழுதிவைக்க வேண்டும்.

எழுதும்போது அவர் தமிழைத் திருத்தாதீர்கள். 'ஆகல' என்றால் 'ஆகல'தான். பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு, பாட்டியோடு பேசாமல் இருந்த மாதங்கள் எதையும் மரியாதைக்காக வெட்டாதீர்கள். இறந்தவரைச் சாமியாக்கி மாலை போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள், ஆளைத்தான் தொலைத்துவிடுகிறோம். உயிரோடு இருப்பவரின் ரகசியம் என்றால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவை ஒரே போனில் விட்டுவைக்க வேண்டாம். பேசியவர் பெயர், ஊர், தேதி போட்டு, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் பிரதி அனுப்பிவிடுங்கள். இந்த ஆலைப் பருவத்திலேயே செய்யுங்கள்.

(தொடரும்)